47 வயது வண்டி படைத்த சாதனை!

கொல்கத்தா மல்லிக் பஜார் பக்கம் போய் வந்தவர்களுக்குத் தெரியும். பழைய வண்டிகளின் உறுப்புகள் கடை கடையாகக் குவிந்து கிடக்கும். எடைக்குப் போட வேண்டிய இரும்பு என்று நாம் நினைப்போம். விவரம் அறிந்தவர் கண்ணுக்கோ அதற்குள் ஒரு மோட்டார் சைக்கிளே ஒளிந்திருக்கும்!

அப்படிப்பட்ட கண் படைத்தவர் பர்ட் மன்றோ. நியூசிலாந்தின் தென்கோடியில் உள்ள இன்வர்கார்கில் ஊர்க்காரர். 1899-ல் பிறந்தவர். 1920-ல் அவர் வாங்கிய மோட்டார் சைக்கிளின் பெயர் 'இந்தியன் ஸ்கவுட்'. பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம். அது அமெரிக்கத் தயாரிப்பு. 600 சி.சி. எஞ்சின். மணிக்கு 55 மைல்தான் அதன் வேகம்.

மன்றோ பணக்காரர் அல்ல. மோட்டார் சைக்கிள் விற்பனையாளராக வேலை பார்த்தவர். புது உறுப்புகள் வாங்க வசதி ஏது? பழைய தகர டப்பாக்களில் உலோகத்தை உருக்கி ஊற்றி பிஸ்டன் வார்த்தார். டிராக்டர் அச்சை அறுத்து, கையாலேயே அரம் போட்டுத் தேய்த்து கனெக்டிங் ராடு செய்தார். அளவு பார்க்க மைக்ரோமீட்டருக்குப் பதில் பழைய ஸ்போக் கம்பி! எஞ்சின் 950 சி.சி. வரை பெருத்தது.

உடைந்து நொறுங்கியவை எத்தனையோ. அவற்றை அவர் எறியவில்லை. அலமாரியில் அடுக்கி, 'வேகக் கடவுளுக்குக் காணிக்கை' என்று எழுதி வைத்தார். பழனி உண்டியலுக்குக் காசு முடிந்து வைக்கும் நமக்கு இது புரியாததல்ல.

ஈர மணலில் பந்தயம்

ஊருக்கு அருகே ஓரெட்டி கடற்கரை. கடல் வடிந்ததும் ஈர மணல் தரை போலக் கெட்டிப்படும். மறுபடி நீர் ஏறுவதற்குள் ஓட்டத்தை முடித்தாக வேண்டும். டிகா போனவர்களுக்கு இத்தகைய மணல் பழக்கம். மெரினாவின் பொதபொத மணலில் இது நடக்காது!

மணலில் ஓட்ட விளக்கு, மட்கார்டு எல்லாம் வீண் சுமை. கழற்றி வைத்தால் பிறகு மாட்டிக்கொள்ளலாம். ஆனால் எஞ்சினை அறுத்து மாற்றினால் மாற்றியதுதான். பழைய வண்டிப் பேரணிகளில் அசல் உறுப்புகளுக்கே மதிப்பு. அங்கே வண்டி நிறுத்துபவர்கள் மன்றோவின் வேலையைப் பார்த்தால் கண்ணீர் விடுவார்கள். அதற்காக ஓடப் பிறந்த வண்டியைத் துடைத்துத் துடைத்து நிறுத்தி வைப்பதா? மன்றோ தயங்கவில்லை.

1957-ல் கடற்கரையில் 131 மைல் வேகம் தொட்டார். 1962-ல் அமெரிக்காவின் பான்வில் உப்புப் பாலைக்கு முதன்முறை வண்டியோடு போனார். 1967-ல், 68 வயதில், 1000 சி.சி.க்கு உட்பட்ட பிரிவில் சாதனை. 183.59 மைல் என்று பதிவாயிற்று.

1978-ல் அவர் காலமானார். இரண்டு ஓட்டங்களின் சராசரியைப் போட்டதில் பிழை இருப்பதைப் பின்னாளில் அவர் மகன் கண்டுபிடித்தார். கணக்குப் பிழைக்கு எந்த நாட்டு அலுவலகமும் விலக்கல்ல போலும்! 2014-ல் அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் பதிவைத் திருத்தியது: 184.087 மைல்.