யூரியா மூட்டையும் கப்பலில் வரும் வாயுவும்

நெற்பயிருக்கு மேலுரம் இட வேண்டிய வாரத்தில், கூட்டுறவுச் சங்கத்தில் யூரியா இல்லை என்று கைவிரித்தால் விவசாயி என்ன செய்வார்? பயிர் காத்திருக்காது. யூரியாத் தட்டுப்பாட்டுக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று வயலுக்கு வெகு தொலைவில், கடலுக்கு அப்பால் இருக்கிறது. யூரியா செய்ய எரிவாயு வேண்டும். அந்த வாயுவின் பெரும் பகுதி நம் நாட்டுக்குக் கப்பலில் வருகிறது.

இந்தக் கட்டிலிருந்து விடுபடும் முயற்சியில் ஒரு சிறு அடி, முத்துக்குளிப்புக்குப் பேர் போன தூத்துக்குடிக் கரையில் எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. அது என்ன, அதனால் சிறு விவசாயிக்கு என்ன நன்மை, அதுவரை அவர் தம் தோட்டத்திலேயே செய்து கொள்ளக் கூடியது என்ன என்பதை விவசாயிகள் அறிந்து கொள்வது நல்லது.

வாயு உரமாவது எப்படி?

நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். இதுவே தழைச்சத்து. ஆனால் நெல்லோ வாழையோ அதைக் காற்றிலிருந்து நேரே எடுத்துக் கொள்ள முடியாது. நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்தால் அம்மோனியா கிடைக்கும். அம்மோனியாவைக் கரியமில வாயுவோடு சேர்த்தால் யூரியா கிடைக்கும். அம்மோனியா செய்யும் இந்த முறையைக் கண்டவர்கள் ஹேபர், போஷ் என்ற ஜெர்மானியர்கள். முதல் ஆலை 1913-இல் ஜெர்மனியில் ஓடத் தொடங்கியது.

நைட்ரஜன் காற்றில் இலவசமாகக் கிடைக்கிறது. ஹைட்ரஜனைத்தான் விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. இயற்கை வாயுவையோ நாப்தா என்ற எண்ணெயையோ பிரித்து அதை எடுக்கிறார்கள். அப்போது கழியும் கரியமில வாயுவும் யூரியாவுக்கே பயன்படுகிறது.

45 கிலோ யூரியா மூட்டையில் உள்ள தழைச்சத்து ஏறத்தாழ 20.7 கிலோ. இதற்கு 25.5 கிலோ அம்மோனியா தேவை. அந்த அம்மோனியாவில் உள்ள ஹைட்ரஜன் 4.5 கிலோ. ஒரு மூட்டைக்குச் செலவாகும் வாயு சுமார் 30 கன மீட்டர்.

விலை ஏறாது, வரத்து குறையும்

பல ஆண்டுகளாக ஒரு மூட்டை யூரியா 266 ரூபாய் 50 காசுக்கு விற்கப்பட்டு வருகிறது. அதனால் உலகச் சந்தையில் வாயு விலை ஏறுவது விவசாயிக்குத் தெரிவதில்லை. 2022-இல் உக்ரைன் போர் மூண்டபோது வாயு விலை பல மடங்கு ஏறியது. மூட்டை விலை ஏறவில்லை. ஆனால் 2022-23-இல் மத்திய அரசு உர மானியமாகக் கொடுத்த தொகை சுமார் இரண்டரை லட்சம் கோடி ரூபாய்.

நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 350 லட்சம் டன் யூரியா செலவாகிறது. இதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு 2023-24-இல் யூரியாவாகவே இறக்குமதி ஆனது. இங்கே தயாராகும் மீதி யூரியாவுக்கும் கத்தார் போன்ற நாடுகளிலிருந்து குளிரூட்டித் திரவமாக்கிய வாயு வர வேண்டியிருக்கிறது. போரோ கடல் வழியில் இடையூறோ நேர்ந்தால், விலை ஏறாவிட்டாலும் மூட்டை வருவது தாமதமாகும். பெரு விவசாயி முன்கூட்டியே வாங்கி அடுக்கி வைப்பார். அன்றன்றைக்கு வாங்கும் சிறு விவசாயிதான் முதலில் பாதிக்கப்படுவார்.

ஸ்பிக் ஆலை கண்ட மாற்றங்கள்

தூத்துக்குடி ஸ்பிக் ஆலை 1975 முதல் யூரியா தயாரித்து வருகிறது. ஆண்டுக்கு 6.2 லட்சம் டன், அதாவது ஒரு கோடியே 37 லட்சம் மூட்டை செய்யும் திறன் உள்ளது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த ஆலைக்கு மூலப்பொருளாக இருந்தது நாப்தா. ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு 143 கிலோமீட்டர் நீள வாயுக் குழாய் 2021 பிப்ரவரியில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதன் பிறகு ஆலை வாயுவுக்கு மாறியது. ராமநாதபுரம் வாயு நம் மண்ணிலேயே கிடைப்பது என்பது ஆறுதல். ஆனால் உள்நாட்டு வாயு எல்லா ஆலைகளுக்கும் போதாது.

2022 மார்ச்சில் ஸ்பிக் வளாகத்து நீர்த்தேக்கத்தின் மேல் 25.3 மெகாவாட் மிதக்கும் சூரிய மின் நிலையம் தொடங்கப்பட்டது. தகடுகள் தண்ணீரை மூடியிருப்பதால் மின்சாரம் கிடைப்பதோடு நீர் ஆவியாவதும் குறைகிறது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சூரிய மின்சாரம் ஆலையின் இயந்திரங்களை ஓட்டும். ஆனால் மூலப்பொருளான வாயுவின் இடத்தை அது தானாக நிரப்பி விடாது. அதற்கு மின்சாரத்தைக் கொண்டு ஹைட்ரஜன் எடுக்க வேண்டும்.

தண்ணீரிலிருந்து ஹைட்ரஜன்

தண்ணீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் அது ஹைட்ரஜனாகவும் பிராண வாயுவாகவும் பிரியும். இது புதிய வித்தை அல்ல. பஞ்சாபில் நங்கல் உர ஆலை 1961-லேயே பக்ரா அணை மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து உரம் செய்தது. பின்னாளில் மின்சாரத்துக்கு வேறு தேவைகள் பெருகவே, 1978-இல் அங்கு எண்ணெயை மூலப்பொருளாகக் கொண்ட ஆலை வந்தது. மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைத்தால்தான் இந்த வழி நிலைக்கும் என்பது நங்கல் தரும் பாடம்.

தூத்துக்குடி வட்டாரத்தில் காற்றுக்கும் வெயிலுக்கும் குறைவில்லை. நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளுள் ஒன்று 1986-இல் முள்ளக்காட்டில் அமைந்தது. கயத்தாறு பக்கம் போகிறவர்கள் காற்றாலைகளைச் சாலையிலிருந்தே காணலாம்.

இந்த மின்சாரத்தை நம்பித்தான் தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் 2025 செப்டம்பர் 5 அன்று பசுமை ஹைட்ரஜன் முன்மாதிரி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. செலவு 3 கோடியே 87 லட்சம் ரூபாய். மணிக்கு 10 கன மீட்டர் ஹைட்ரஜன் எடுக்கலாம். அது துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கும், மின் வாகனங்களுக்கு மின்னேற்றவும் பயன்படுகிறது.

பத்து கன மீட்டர் ஹைட்ரஜனின் எடை 900 கிராம்தான். ஆக, ஒரு மூட்டை யூரியாவுக்கு வேண்டிய 4.5 கிலோ சேர ஐந்து மணி நேரம் ஆகும். இரவு பகலாக ஓடினாலும் நாளொன்றுக்கு ஐந்து மூட்டைக்குத்தான் காணும். ஸ்பிக் ஆலையோ நாளுக்கு ஏறத்தாழ 40 ஆயிரம் மூட்டை செய்யக் கூடியது. எனவே துறைமுக நிலையத்தை நாற்றங்கால் என்றே கொள்ள வேண்டும். நடவு இன்னும் நடக்கவில்லை.

இரண்டு முட்டுக்கட்டைகள்

முதலாவது, செலவு. ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கச் சுமார் 50 முதல் 55 யூனிட் மின்சாரம் வேண்டும். ஒரு மூட்டை யூரியாவுக்கு 225 யூனிட்டுக்குக் குறையாது. யூனிட் 4 ரூபாய் என்று வைத்தாலும் மின்சாரத்துக்கு மட்டும் 900 ரூபாய். ஆனாலும் விலை இறங்கி வருகிறது. உர ஆலைகளுக்குப் பசுமை அம்மோனியா வழங்க 2025-இல் மத்திய அரசு நிறுவனம் நடத்திய ஏலங்களில் கிலோ 50 ரூபாய் முதல் 65 ரூபாய் வரை விலை கேட்கப்பட்டது.

இரண்டாவது, கரி. வாயுவை விட்டுவிட்டால் யூரியாவுக்கு வேண்டிய கரியமில வாயுவும் கிடைக்காது. அதை வேறெங்காவது பிடித்து வர வேண்டும். இதற்கும் தூத்துக்குடியிலேயே முன்மாதிரி உண்டு. இங்குள்ள ஆல்கலி ரசாயன ஆலை 2016-இல் தன் கொதிகலன் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்துச் சோடா உப்பு செய்யத் தொடங்கியது. டி.ஏ.பி., காம்ப்ளக்ஸ் உரங்களுக்குக் கரி தேவையில்லை. அம்மோனியா இருந்தால் போதும். ஆகவே பசுமை அம்மோனியா முதலில் அந்த மூட்டைகளில்தான் இடம் பெறும். யூரியாவுக்கு வருவது பிறகே.

மற்றொரு விஷயமும் உண்டு. தூத்துக்குடியில் திட்டமிடப்படும் பெரிய பசுமை அம்மோனியா ஆலைகள் ஜப்பான் போன்ற நாடுகளுக்கு ஏற்றுமதி செய்வதையும் நோக்கமாகக் கொண்டவை. நம் காற்றிலும் வெயிலிலும் தயாரான அம்மோனியா கப்பலேறிப் போக, நம் வயலுக்கு வேண்டிய வாயு கப்பலில் வந்திறங்கினால் விவசாயிக்கு லாபமில்லை. உள்ளூர் உர ஆலைகளுக்கு முதல் பங்கு வேண்டும் என்று விவசாயிகள் சங்கங்கள் இப்போதே கேட்பது நியாயமானது.

தொழுவத்திலேயே ஒரு வாயு ஆலை

இவையெல்லாம் நடந்தேறப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை சிறு விவசாயி சும்மா இருக்க வேண்டியதில்லை. சமையல் சிலிண்டர் வாயுவிலும் ஐந்தில் மூன்று பங்கு இறக்குமதிதான். இரண்டு மூன்று மாடுகள் உள்ள வீட்டில் சாண எரிவாயுக் கலன் அமைத்தால் இந்தச் செலவைக் குறைத்துக் கொள்ளலாம்.

ஒரு கிலோ பச்சைச் சாணம் சுமார் 40 லிட்டர் வாயு தரும். தினம் 25 கிலோ சாணத்தைச் சம அளவு தண்ணீரில் கரைத்து ஊற்றினால் ஒரு கன மீட்டர் வாயு கிடைக்கும். இது 430 கிராம் சிலிண்டர் வாயுவுக்குச் சமம். மாதத்துக்குக் கணக்கிட்டால் 13 கிலோ. கிட்டத்தட்ட ஒரு சிலிண்டர்.

உரக் கணக்கு இதைவிட முக்கியம். சாணத்தை வறட்டி தட்டி எரித்தால் தழைச்சத்து புகையோடு போய்விடும். கலனிலிருந்து வெளியேறும் வாயுவிலோ தழைச்சத்து அநேகமாக இல்லை. அது கரைசலிலேயே தங்கி விடுகிறது. தினம் 25 கிலோ சாணம் இடும் கலனிலிருந்து ஆண்டுக்கு ஒரு மூட்டை யூரியாவுக்கு மேற்பட்ட தழைச்சத்து கிடைக்கும். கரைசலை வெயிலில் காயவிடாமல் பாசன நீரோடு விடுவது, அல்லது குப்பைக் குழியில் இலைதழையோடு சேர்ப்பது நன்று.

கலன் கட்டும்போது கவனிக்க வேண்டியவை:

வெயில் படும் மேடான இடம் வேண்டும். கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். மரங்களின் வேர் அண்டக் கூடாது.

கடலோர ஊர்களில் இரும்பு மிதவை மூடி உப்புக் காற்றில் விரைவில் துருப்பிடிக்கும். செங்கல் கவிமாடம் உள்ள தீனபந்து முறை ஏற்றது.

கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மண் கோடையில் வெடிக்கும். அங்கே அடித்தளத்தைச் சுற்றி மணல் நிரப்பிக் கட்டாவிட்டால் மாடம் விரிசல் கண்டு வாயு கசியும்.

மாடுகளை விற்றுவிட்டால் கலன் வீண். மாடு நிலையாக இருக்கும் வீட்டுக்கே இது உகந்தது. மானிய விவரத்தை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விசாரித்துக் கொள்ளலாம்.

மூட்டையைக் குறைக்கும் பயிர்கள்

வாயு இல்லாமலே காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் ஆலை ஒன்று உண்டு. அது பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சு. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுப் பாசனத்தில் நடவுக்கு முன் தண்ணீர் கிடைத்தால் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45-ஆம் நாள், பூக்கும் பருவத்தில் மடக்கி உழலாம். செழித்து வளர்ந்தால் ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியாவுக்குக் குறையாத தழைச்சத்து மண்ணில் சேரும். மானாவாரிக் கரிசலில் உளுந்தையும் பாசிப்பயறையும் சோளம், கம்புடன் ஊடுபயிராகவோ மாற்றுப் பயிராகவோ இடலாம். விதையில் ரைசோபியம் கலந்து விதைப்பது முடிச்சுகளை அதிகப்படுத்தும்.

நெல்லுக்கு யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்து இட வேண்டும். இலை வண்ண அட்டையைப் பார்த்து இட்டால் தேவைக்கு மேல் போகாது. கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியிலும் கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திலும் இவை பற்றி ஆலோசனை பெறலாம்.

தூத்துக்குடியில் காற்றும் வெயிலும் உரமாகும் நாள் வரும்போது வரட்டும். தொழுவத்துச் சாணத்தையும் வரப்போரத்துத் தக்கைப்பூண்டையும் இந்தப் பட்டத்திலேயே பயன்படுத்தத் தொடங்கும் விவசாயிக்கு, கப்பல் தாமதமானாலும் ஒரு மூட்டை, இரண்டு மூட்டை அளவுக்காவது கவலை இராது.