கொண்டை ஊசி வளைவில் மூன்று சுற்று

கொழுக்குமலை இருப்பது தேனி மாவட்டத்தில். ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளத்துச் சூரியநெல்லி வழியாகத்தான் போக வேண்டும். பாறையும் உருளைக்கல்லுமாகக் கிடக்கும் அந்தப் பாதையில் ஜீப்புகள்தான் ஏறும். அப்படிப்பட்ட கரடுபாதை முடிந்து தார் ரோடு தொடங்கும் எந்த ஊரிலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம்.

"அண்ணே, ஃபோர் வீல் லிவரு அசைய மாட்டேங்குது. கியர்பாக்ஸ் போயிருச்சு போல."

"ஒண்ணும் போகல தம்பி. ரிவர்ஸ் போட்டு நேரா பத்தடி விடு."

பத்தடி பின்னால் போனதும் வண்டிக்கடியிலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம் வரும். அதுவரை இரண்டு கையால் இழுத்தும் வராத லிவர் ஒரு விரலுக்கு வந்துவிடும். ஸ்பேனரைத் தொடாமலே பழுது சரியாகிவிட்டது. உண்மையில் அது பழுதே இல்லை. தார் ரோட்டுக்கு வந்த பிறகும் ஓட்டுநர் லிவரை எடுக்க மறந்ததால், வளைவுகளில் சேர்ந்துகொண்டே போன ஒரு கணக்குப் பிசகு அது.

வண்டி வளையும்போது முன்சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின்சக்கரங்கள் சிறிய வட்டத்திலும் போகும். மணலில் காரைத் திருப்பிவிட்டுத் தடத்தைப் பார்த்தால் இது கண்ணுக்கே தெரியும். எவ்வளவு வித்தியாசம்? நம் ஊர் மலைகளில் நெடுங்காலம் ஓடிய சிஜே-3பி ஜீப்பை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் 1953-ல் கொண்டுவந்த மாடல் இது. இந்தியாவில் மஹிந்திரா பல பத்தாண்டுகள் செய்து விற்றது. அதன் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடைவெளி 80 அங்குலம், அதாவது 2.03 மீட்டர். ஒரு கொண்டை ஊசி வளைவில் பின் ஆக்சிலின் நடுப்புள்ளி 5 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்றால், முன் ஆக்சிலின் நடுப்புள்ளி ஏறத்தாழ 5.4 மீட்டர் ஆரத்தில் திரும்பும். எட்டாம் வகுப்பு பிதாகரஸ் தேற்றம் போதும். அந்த அரைவட்டத்தை முடிப்பதற்குள் பின்பக்கம் 15.7 மீட்டரும் முன்பக்கம் ஏறத்தாழ 16.95 மீட்டரும் ஓடியிருக்கும். வித்தியாசம் ஏறத்தாழ 1.25 மீட்டர்.

அந்த ஜீப்பின் 6.00-16 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் போகும். ஆக, முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அரைச் சுற்றுக்கு மேல் கூடுதலாக உருண்டாக வேண்டும். ஆக்சிலுக்குள் இருக்கும் பினியனும் கிரவுனும் 5.38-க்கு 1 என்ற கணக்கில் வேகத்தைக் குறைக்கின்றன. எனவே சக்கரத்தின் அந்த அரைச் சுற்றுச் சொச்சம் என்பது, ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு ஏறத்தாழ மூன்று முழுச் சுற்று. ஒரே ஒரு கொண்டை ஊசி வளைவில் முன் ஷாஃப்ட் பின் ஷாஃப்டைவிட மூன்று சுற்று அதிகமாகச் சுற்ற விரும்புகிறது.

ஃபோர் வீல் போட்டுவிட்டால் சுற்ற முடியாது. கியர்பாக்ஸை ஒட்டியிருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் அப்போது இரண்டு ஷாஃப்டையும் பல்லோடு பல்லாகப் பூட்டிவிடுகிறது. இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வோர் ஆக்சிலிலும் இருக்கும் டிஃபரன்ஷியல் பார்த்துக்கொள்ளும். முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்ள இந்த ஜீப்பில் ஆளே இல்லை. சேற்றிலும் சரளையிலும் டயர் வழுக்கி அந்த மூன்று சுற்றையும் கரைத்துவிடும். தார் ரோடு விடாது. ஈரத்துணியைப் பிழிவதுபோல் ஷாஃப்டுகளும் ஆக்சில்களும் முறுக்கேறி நிற்கும். இரும்பு முறுகுவது சில பாகைகள்தான். ஆனால் அந்த இறுக்கம் முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஒன்றையொன்று கவ்வியிருக்கும் பற்கள் மேல் விழுகிறது. அந்தப் பற்களைத்தான் லிவர் பிரிக்க முயல்கிறது. பின்னால் போகும்போது முறுக்கு அவிழ்கிறது, அதுதான் 'டங்'.

இதை வடிவமைப்பின் குறை என்று சொல்பவர்கள் உண்டு. நான் சொல்ல மாட்டேன். 1940-ல் அமெரிக்க ராணுவம் அவசரமாக ஒரு சிறு வண்டி கேட்டபோது, பேன்டம் என்ற சின்ன நிறுவனத்துக்காக கார்ல் பிராப்ஸ்ட் வரைந்து கொடுத்ததிலிருந்து தொடங்குகிறது ஜீப்பின் கதை. மாதிரி வண்டிக்குக் கிடைத்த கெடு 49 நாள். அதை ஒட்டி வில்லிஸும் ஃபோர்டும் போர்க்காலத்தில் லட்சக்கணக்கில் செய்து குவித்தன. முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு டிஃபரன்ஷியல் வைத்திருந்தால் தார் ரோட்டில் சுகமாக இருந்திருக்கும். 1970-ல் வந்த ரேஞ்ச் ரோவர் அதைத்தான் செய்தது. ஆனால் பூட்டு இல்லாத டிஃபரன்ஷியல், பிடிப்பு இல்லாத பக்கத்துக்கே சுற்றை அனுப்பிவிடும். நான்கில் ஒரு சக்கரம் சேற்றில் சுழன்றால் மற்ற மூன்றும் சும்மா நிற்கும். போர்க்களத்துக்கு அது ஆகாது.

டிரான்ஸ்ஃபர் கேஸின் இன்னொரு லிவரால் லோ கியர் போடும்போது வேறொரு கணக்கு. முதல் கியரையும் லோவையும் ஆக்சிலையும் பெருக்கினால், சிஜே-3பி-யில் இஞ்சின் ஏறத்தாழ 37 முறை சுற்றினால்தான் சக்கரம் ஒரு முறை சுற்றும். மனிதர் நடப்பதைவிட மெதுவாக வண்டி ஊரும். இழுவை அந்த அளவுக்குப் பெருகும். அத்தனை விசையையும் பின் ஆக்சில் ஒன்றே தாங்காது என்பதால், முன் ஆக்சிலைச் சேர்க்காமல் லோ விழாதபடி உள்ளேயே ஒரு தடுப்பு வைத்திருக்கிறார்கள். லோ விழவில்லை என்று புலம்பும் புது ஓட்டுநர் முதலில் எந்த லிவரைத் தொட்டார் என்று கேட்டாலே பாதிப் புகார் தீர்ந்துவிடும்.

இந்தச் சுற்றுக் கணக்கு மனதில் இருந்தால் வேறு பல புகார்களும் தாமாகவே விளங்கும். ஃபோர் வீலில் நேரான, கெட்டியான மண்பாதையில்கூட ஸ்டீரிங் இறுகுகிறது, டயர் தேய்கிறது என்று ஒருவர் வருகிறார். மெக்கானிக் முதலில் பார்க்க வேண்டியது கியர்பாக்ஸை அல்ல, டயரை. முன்னால் புதியது இரண்டு, பின்னால் தேய்ந்தது இரண்டு மாட்டியிருந்தால், 7 மில்லிமீட்டர் பட்டன் தேய்மானமே சுற்றளவில் 44 மில்லிமீட்டர் வித்தியாசம். 2 சதவீதம்தானே என்று தோன்றும். ஒரு கிலோமீட்டருக்கு அது 20 மீட்டர். ஷாஃப்டுக்கு ஏறத்தாழ 50 சுற்று. நேராகப் போகும்போதே இந்த வண்டி ஓயாமல் கொண்டை ஊசி வளைவில் திரும்பிக்கொண்டிருக்கிறது. காசு மிச்சம் பிடிக்க இரண்டிரண்டாக டயர் மாற்றுவது இந்த வண்டிக்கு ஆகாத சிக்கனம்.

அடுத்தது அதிர்வு. பழைய ஜீப் எப்போதும் அதிரும். எது அதிர்கிறது என்பதுதான் கேள்வி. கம்ப்யூட்டரை மாட்டிப் பிழை எண்ணைப் படிக்க இதில் வழியில்லை. ஆனால் ஒவ்வோர் உறுப்பும் தன் வேகத்தில்தான் அதிரும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் வினாடிக்கு ஏழெட்டு முறை சுற்றுகிறது. புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஏறத்தாழ 41 முறை. வினாடிக்கு ஏழெட்டு உதறல் என்றால் ஸ்டீரிங்கைப் பிடித்த கைக்கே எண்ணத் தோன்றும்: சக்கரம், டயர், ஹப் என்று தேடலாம். நாற்பது என்றால் எண்ண முடியாது. தரையிலிருந்து எழும் 'ம்ம்ம்' என்ற முனகலாகக் கேட்கும்: ஷாஃப்ட். சிக்கல் என்னவென்றால், டாப் கியரில் இஞ்சினும் அதே வேகத்தில்தான் சுற்றுகிறது. பிரிப்பது எளிது. ஆளில்லாத சமதள ரோட்டில் அதே வேகத்தில் நியூட்ரலுக்குக் கொண்டுவந்தால் இஞ்சின் ஐட்லிங்குக்கு இறங்கிவிடும். ஷாஃப்ட் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். முனகல் போய்விட்டால் இஞ்சின் பக்கம். போகவில்லை என்றால் ஷாஃப்ட் பக்கம். (மலை இறக்கத்தில் இந்தச் சோதனை வேண்டாம்.) முன் ஷாஃப்டா பின் ஷாஃப்டா என்ற ஐயம் மிச்சமிருந்தால், முன் ஷாஃப்டின் போல்ட்டுகளைக் கழற்றி அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பார்கள்.

ஷாஃப்டின் இரு முனையிலும் இருக்கும் யூ ஜாயின்ட் ஒரு விசித்திரமான பொருள். கூட்டல் குறி வடிவில் ஒரு கிராஸ், அதன் நான்கு முனையிலும் ஊசிபோன்ற மெல்லிய உருளைகள் அடங்கிய கிண்ணங்கள். பதினாறாம் நூற்றாண்டின் இத்தாலியக் கணித அறிஞர் கார்டானோவின் பெயரும், அதற்கு அடுத்த நூற்றாண்டில் இதை ஆராய்ந்த ஆங்கிலேயர் ராபர்ட் ஹூக்கின் பெயரும் இதற்கு உண்டு. சாய்வான கோணத்தில் சுழற்சியைக் கடத்துகிறது. ஆனால் நேர்மையாகக் கடத்துவதில்லை. ஒரு முனை சீராகச் சுற்றினாலும் மறுமுனை ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை முந்தும், இருமுறை பிந்தும். கோணம் 15 பாகை என்றால், நிமிடத்துக்கு 2,445 சுற்று என்று நுழையும் வேகம் 2,360-க்கும் 2,530-க்கும் இடையே அலைபாய்ந்து வெளியேறும். அப்படியானால் வண்டி எப்படிச் சீராக ஓடுகிறது? மறுமுனையில் இன்னொரு யூ ஜாயின்ட் இருக்கிறது. முதலாவது முந்தும்போது இரண்டாவது பிந்துமாறு பொருத்தியிருப்பதால் தவறும் தவறும் கழிந்துபோகின்றன.

இந்தக் கழித்தல் நடக்க இரண்டு நிபந்தனை. இரு முனைக் கோணமும் சமமாக இருக்க வேண்டும். இரு முனையிலும் கிராஸைப் பிடித்திருக்கும் ஷாஃப்டின் கவடுகள் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ஷாஃப்டின் நடுவே, நீண்டு சுருங்குவதற்காக, பற்கள் வெட்டிய சறுக்கு இணைப்பு ஒன்று இருக்கிறது. கிரீஸ் வைக்கக் கழற்றியவர் திரும்பச் செருகும்போது ஒரு பல் தள்ளிச் செருகிவிட்டால் போதும். எல்லா உறுப்பும் புதிது, எல்லா போல்ட்டும் இறுக்கம், ஆனாலும் வண்டி அதிரும். கழற்றும் முன்பே சாக்பீஸால் இரு பக்கமும் சேர ஒரு கோடு போட்டுக்கொள்ளும் பட்டறைக்காரரை நம்பலாம். எடுப்பாக இருக்கட்டும் என்று ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி ஜீப்பைத் தூக்கி நிறுத்துகிறவர்கள் பல நேரம் முதல் நிபந்தனையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கோணம் 25 பாகை ஆனால் ஏற்ற இறக்கம் பத்து சதவீதத்தைத் தொடும்.

யூ ஜாயின்ட் சாகப்போவதை அதைக் கழற்றாமலே பார்க்கலாம். கிண்ணத்தின் விளிம்பில் செங்காவி நிறத்தில் மெல்லிய பொடி படிந்திருந்தால், உள்ளே கிரீஸ் வற்றி ஊசி உருளைகள் துருவாக அரைபட்டுக்கொண்டிருக்கின்றன என்று பொருள். மெதுவாக ஓட்டும்போது சக்கரச் சுற்றைவிட ஐந்து மடங்கு வேகத்தில் 'கீச் கீச்' என்று கேட்பதும் அதுவே.

எல்லா ஆட்டமும் சுற்றுக் கணக்குக்குள் அடங்கிவிடாது. ஒரு குழியில் இறங்கி ஏறியதும் முன்சக்கரங்கள் இடமும் வலமுமாக வெறிபிடித்து ஆடும். வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கும். இது தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் அலைவு. டயர் பேலன்ஸிங் செய்துவிட்டு வருகிறவர் ஏமாந்து திரும்புவார். பெரும்பாலும் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னின் பேரிங்கில் விழுந்த தளர்ச்சிதான் காரணம்; ஷிம் தகடுகளைக் குறைத்து இறுக்க வேண்டும்.

கடைசியாக, வருடக்கணக்கில் டூ வீலிலேயே ஓடிய ஜீப்பில் ஃபோர் வீல் உயிரோடு இருக்கிறதா என்ற சோதனை. சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, ஃபோர் வீல் லிவரைச் சேர்த்து, முன்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். சிறிது ஆடி நின்றுவிட்டால் எல்லாம் சரி. சுற்றினால், கூடவே முன் ஷாஃப்டும் சுற்றுகிறதா என்று குனிந்து பாருங்கள். சுற்றினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் அதைப் பிடிக்கவில்லை. ஷாஃப்ட் அசையாமல் சக்கரம் மட்டும் சுற்றினால் கோளாறு முன் ஆக்சிலுக்குள்: ஹப்பிலோ, அரை ஆக்சிலிலோ, தூக்கிய பக்கத்திலோ, தூக்காத பக்கத்திலோ. ஒரு பக்கத்து அரை ஆக்சில் உடைந்தாலும் டிஃபரன்ஷியல் காரணமாக இரு பக்கமும் இழுக்காது. ஹப்பில் ஃப்ரீ வீல் பூட்டு இருந்தால் அதை முதலில் பூட்டிவிட வேண்டும்.

பின்சக்கரத்தைத் தூக்கும்போது கதை வேறு. வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புகளில் ஹேண்ட்பிரேக் பின்சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு டிரம்மாக இருக்கிறது. அது பிடிப்பது ஷாஃப்டை மட்டும். ஷாஃப்ட் நின்றாலும், ஒரு பின்சக்கரம் முன்னோக்கியும் மற்றது அதே அளவு பின்னோக்கியும் சுற்ற டிஃபரன்ஷியல் இடம் கொடுக்கும். இரண்டும் தரையில் இருக்கும்வரை அது நடக்காது. பஞ்சருக்காக ஒன்றைத் தூக்கிய நொடியில், அந்தரத்தில் இருக்கும் சக்கரம் ஒரு பக்கம் சுழல, தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கம் உருண்டு, ஹேண்ட்பிரேக் முழுதாக இறுகியிருக்கும்போதே வண்டி ஜாக்கியைத் தள்ளிவிட்டு இறங்கிவிடும். கியரில் போட்டு நிறுத்தினாலும் இதே கதிதான். கியரும் பிடிப்பது ஷாஃப்டைத்தான். ஃபோர் வீலைச் சேர்த்துவிட்டால் தரையில் இருக்கும் முன்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து வண்டியைப் பிடிக்கும். ஆனால் லிவர் உண்மையில் விழுந்ததா, ஹப் பூட்டியிருக்கிறதா என்பது பழைய வண்டியில் யாருக்கும் உறுதியில்லை. அதனால் பழைய ஜீப்பில் பின்சக்கரம் மாற்றுகிறவர்கள் ஃபோர் வீலைப் போடுங்கள், ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள். அதோடு தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் நல்ல கனமான கல் வைத்த பிறகே ஜாக்கியில் கை வையுங்கள்.