கொடை ரோட்டில் இறங்குவோர் கவனத்துக்கு

சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் பாண்டியன் எக்ஸ்பிரஸ், விடிவதற்குள் கொடைக்கானல் ரோடு நிலையத்துக்கு வந்துவிடுகிறது. பெட்டி, பைகளோடு இறங்கும் புதியவர்கள் பலருக்குக் கொடைக்கானலே வந்துவிட்டது என்ற நினைப்பு. ஆனால் நிலையம் இருப்பது சமவெளியில், திண்டுக்கல்–மதுரை பாதையில், அம்மையநாயக்கனூரை ஒட்டி. கொடைக்கானலோ சாலை வழியே சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி, 2,100 மீட்டர் உயரத்தில்.

1875-ல் இந்தப் பக்கம் ரயில் வந்த காலத்தில், இங்கிருந்து மாட்டு வண்டியில் பெரியகுளத்துப் பக்கம் மலையடிவாரம் போய், அதற்குமேல் குதிரையிலும் டோலியிலும் ஏறினார்கள். இன்று வத்தலக்குண்டு வழியாக மலைச்சாலை இருக்கிறது. மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் நிலைய வாசலில் மலைப் பேருந்து தயாராக நிற்கும் என்று நம்பி இறங்கக் கூடாது. நிலக்கோட்டை வழியாக வத்தலக்குண்டு பேருந்து நிலையம் போய், அங்கே கொடைக்கானல் வண்டி பிடிப்பதுதான் வழக்கமான வழி. குழந்தைகளோடும் வயதானவர்களோடும் இருட்டில் இறங்குகிறவர்கள் இதற்கு மலைத்து, வாசலில் கூப்பிடும் முதல் டாக்ஸியில் ஏறிவிடுகிறார்கள்.

ஆபத்து தொடங்குவது இங்கேதான். மனித உடலில் தூக்கம் மிகக் கனமாக அழுத்துவது பின்னிரவு 2 மணியிலிருந்து காலை 6 வரை. ரயிலுக்காகக் கண்விழித்துக் காத்திருந்த ஓட்டுநர், அந்த நேரத்தில்தான் கொண்டை ஊசி வளைவுகளுக்குள் நுழைகிறார். மலைச்சாலையிலுள்ள டம்டம் பாறையைத் தாண்டினால் பனிமூட்டம் எந்த வளைவிலும் வழியை மறைக்கலாம். மழைக்காலமென்றால் மண் சரிவு, மரம் விழுதல் வேறு.

மலையிலிருந்து இறங்கும்போது ஆபத்து இன்னும் கூடுதல். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலை ஓட்டுநர்களின் பழைய பாடம். பிரேக்கை மட்டும் நம்பி மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். டயர் பக்கமிருந்து கருகல் வாசனை வருவது அதன் அறிகுறி. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு, இன்ஜினையும் அணைத்து இறக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அப்போது ஸ்டீயரிங் இறுகிவிடும், பிரேக் மிதி கல்லாகிவிடும். அப்படி ஓட்டினால் வண்டியை நிறுத்தச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

மலையில் வண்டிக் கூட்டத்தைக் கட்டுப்படுத்த, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானல் செல்லும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. அரசுப் பேருந்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ரயிலில் வருகிறவரை வாசலிலேயே காருக்குள் தள்ளிவிட்டு, மேலே போய்க் காரை எண்ணிப் பயன் என்ன? சீசனிலாவது இரவு ரயில் ஒவ்வொன்றுக்கும் நிலைய வாசலிலிருந்து ஓர் அரசுப் பேருந்தை மலைக்கு விட வேண்டும்.

அதுவரை, இறங்கியதும் அவசரப்படாதீர்கள். விடியும்வரை நிலையத்திலேயே இருங்கள். டாக்ஸிதான் என்றால் இ-பாஸைக் காட்டச் சொல்லுங்கள், ஓட்டுநர் இரவு தூங்கினாரா என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் வத்தலக்குண்டு போய்ப் பேருந்தில் ஏறுங்கள்.