வேப்பிலையும் ஓமமும் அரிசியைக் காக்குமா?

தானியத்தைப் பழுதாகாமல் வைத்திருப்பது ஊரில் எமது வீடுகளில் ஒரு கலையாகவே இருந்தது. நெல்லை நல்ல வெயிலில் காயவிட்டு, ஒரு மணியை எடுத்துப் பல்லால் கடித்துப் பார்ப்பார்கள். நறுக்கென்று உடைந்தால்தான் மூட்டை கட்டுவார்கள். இடையிடையே காய்ந்த வேப்பிலை, நொச்சியிலை போடுவார்கள். விதைப் பயறுக்குச் சாம்பல் கலப்பார்கள். அரிசிப் பானைக்குள் நாலு செத்தல் மிளகாய் கிடக்கும்.

ஒக்லாந்துக்கு வந்து 20 கிலோ அரிசிப் பை வாங்கும்போது நாமும் அம்மம்மா செய்ததையே செய்யப் பார்க்கிறோம். செய்வது நல்லதுதான். ஆனால் எது எதற்கு உதவும், எது உதவாது என்று தெரிந்து செய்ய வேண்டும். ஏனெனில் இங்கு எமக்கு முதல் எதிரி வண்டு அல்ல, பூஞ்சணம்.

பூஞ்சணத்துக்கு ஏன் பயப்பட வேண்டும்?

1960 இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்துப் போயின. ஆராய்ந்து பார்த்தபோது, அவற்றுக்குத் தீனியாகப் போட்ட நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சணம் பிடித்திருந்தது. அது உண்டாக்கிய நஞ்சுக்கு அஃப்ளாடொக்சின் என்று பெயர் வைத்தார்கள். 1974 இல் இந்தியாவில் குஜராத், இராஜஸ்தான் பகுதிகளில் பூஞ்சணம் பிடித்த சோளத்தைச் சாப்பிட்டு நூற்றுக்கும் அதிகமான மக்கள் இறந்தார்கள். வேறு உணவு வாங்க வசதியில்லாத ஏழைக் கிராமத்தவர்களே அவர்கள்.

இந்த நஞ்சைக் கண்ணால் காண முடியாது. அரிசியைக் கழுவினாலும், சோறாக்கினாலும், இடித்து மாவாக வறுத்தாலும் முற்றாகப் போகாது. சிறிது சிறிதாகப் பல வருடம் சாப்பிட்டால் ஈரலில் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. எல்லாப் பூஞ்சணமும் இந்த நஞ்சை உண்டாக்குவதில்லை என்பது உண்மை. ஆனால் பார்த்துப் பிரித்தறிய எம்மால் இயலாது.

மூலிகைகள் செய்வது என்ன?

வேப்பிலையின் கசப்பும் மணமும் முதலில் தடுப்பது பூச்சியைத்தான். வண்டு துளைத்த மணியில் ஈரமும் சூடும் கூடும். அவ்வழியாகப் பூஞ்சணமும் புகும். ஆகவே வண்டைத் தடுத்தால் பூஞ்சணத்தையும் ஓரளவு தடுத்ததாகும். எமது முன்னோர் கண்டுகொண்டது இதைத்தான்.

விஞ்ஞானிகளும் இதைச் சோதித்திருக்கிறார்கள். 1988 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வேப்பிலைச் சாற்றைப் பூஞ்சணத்துடன் சேர்த்துப் பார்த்தார்கள். பூஞ்சணம் வளர்ந்தது, ஆனால் நஞ்சு உண்டாவது தடைப்பட்டது. நஞ்சு உண்டாகத் தொடங்கிய பின் அந்தச் சாறு அதைத் தடுக்கவில்லை. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010 இல் ஓம விதைச் சாறு அஃப்ளாடொக்சின் வகைகளில் ஒன்றைச் சிதைப்பதைக் காட்டினார்கள். கராம்பு எண்ணெயும் கறுவா எண்ணெயும் பூஞ்சணம் வளர்வதையே தடுக்கும் என்பது பல பரிசோதனைகளில் தெரிந்திருக்கிறது.

இவை எமக்குப் பெருமை தரும் செய்திகள்தாம். ஆனால் ஆய்வுகூடத்தில் பாவித்தது பிழிந்தெடுத்த சாறும் எண்ணெயும், அதுவும் அளந்து சேர்த்தது. வாளிக்குள் நாம் போடும் நாலு கராம்பும் ஒரு பிடி ஓமமும் அதற்கு ஈடாகா. காய்ந்த அரிசிக்கு அவை காவல். ஈரமான அரிசிக்கு அவை காவல் அல்ல. பூஞ்சணம் பிடித்த அரிசிக்கு அவை மருந்தும் அல்ல.

இங்கு செய்ய வேண்டியவை

ஒக்லாந்தின் காற்றில் வருடம் முழுவதும் ஈரம் அதிகம். யூன் முதல் ஓகஸ்ட் வரையான குளிர்காலத்தில் யன்னலைப் பூட்டி, உள்ளே உடுப்புக் காயப்போட்டு, சோறும் காய்ச்சும்போது அந்த ஈரமெல்லாம் குளிர்ந்த சுவரில்தான் படியும். இங்கு வெயில் வடக்குப் பக்கத்தால் வருவதால் தெற்குச் சுவர் எப்போதும் குளிர்ந்து கிடக்கும். தெற்குச் சுவரோடு உள்ள அலுமாரியில் அரிசி வைக்காதீர்கள்.

நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் மூட்டையை நிலத்தில் வைக்கவோ சுவரோடு அணைக்கவோ விடமாட்டார்கள். பலகைத் தட்டின்மேல், சுவரிலிருந்து தள்ளித்தான் அடுக்க வேண்டும். வீட்டுக்கும் அதுவே சரி. பையைப் பிரித்ததும் அரிசியை இறுக மூடும் வாளியில் கொட்டி, ஒரு பலகையின்மேல் வையுங்கள். ஈரக் கையோ ஈரச் சுண்டோ உள்ளே போகக் கூடாது. குளிர்காலத்தில் 20 கிலோவுக்குப் பதிலாக 5 கிலோ வாங்குவது நல்லது.

உழுந்து, பயறு காய்ந்திருக்கிறதா என்று சந்தேகமானால் உப்பால் சோதிக்கலாம். காய்ந்த கண்ணாடிப் போத்தலில் ஒரு பிடி காய்ந்த உப்பையும் சில பிடி தானியத்தையும் போட்டு மூடிக் குலுக்குங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் தானியத்தில் ஈரம் ஏறத்தாழ 15 வீதத்துக்கு மேல் என்று கொள்ளலாம். அதை உடனே பரப்பிக் காயவிட வேண்டும்.

மூலிகை போடுவதானால் நன்றாகக் காய்ந்ததையே, துணியில் முடிந்து போடுங்கள். பச்சை இலை ஈரத்தைக் கூட்டும். சாறு தெளிக்கவே கூடாது. பூச்சி உருண்டையை உணவுக்குக் கிட்டவும் கொண்டு போகாதீர்கள். ஊரிலிருந்து யாராவது வேப்பிலையோ விதையோ கொண்டு வந்தால் விமான நிலையத்தில் கட்டாயம் அறிவிக்கச் சொல்லுங்கள். மறைத்தால் 400 டொலர் தண்டம்.

கடையில் வாங்கிய பையைப் பிரிக்கும்போதே பூஞ்சணம் இருந்தால் பற்றுச்சீட்டுடன் திருப்பிக் கொடுங்கள். 1993 ஆம் ஆண்டு நுகர்வோர் உத்தரவாதச் சட்டம் அந்த உரிமையை எமக்குத் தந்திருக்கிறது. வாடகை வீட்டில் குசினிக்கும் குளியலறைக்கும் காற்றை வெளியேற்றும் விசிறி இருக்க வேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டம். இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள்.

வீட்டில் வைத்திருந்த அரிசியில் பூஞ்சணத்தைக் கண்டால், புழுங்கல் மணம் வந்தால், முழுவதையும் கொட்டிவிடுங்கள். இரவு வேலை செய்து உழைத்த காசில் வாங்கியதைக் குப்பையில் போட மனம் வராதுதான். புடைத்து, கழுவி, மஞ்சள் போட்டுச் சமைத்தால் சரிவரும் என்று தோன்றும். சரிவராது. அரிசிக் காசை இன்னொரு கிழமை உழைத்து எடுக்கலாம். பிள்ளைகளின் ஈரலை அப்படி எடுக்க முடியாது.