நீர்மருதும் நெஞ்சுவலியும்: சான்றின் எல்லை

தமிழில் மருதம் என்னும் பெயர் ஒரு மரத்திற்கு மட்டும் உரியதன்று. நீர்மருது, கருமருது, பூமருது ஆகியவை தாவரவியலில் வெவ்வேறானவை. இதயநோய் ஆய்வுகள் நீர்மருதின் (டெர்மினாலியா அர்ஜுனா) பட்டையையே குறிக்கின்றன.

உழைப்பின்போது இதயத்தசைக்குக் குருதி போதாமையால் எழும் நெஞ்சுவலி குறித்து, இந்தூர் மருத்துவர்கள் 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டனர். 58 ஆண் நோயாளிகள் பட்டைச்சாரம் (எட்டு மணிக்கொருமுறை 500 மி.கி.), ஐசோசார்பைடு மோனோநைட்ரேட் (நாளொன்றுக்கு 40 மி.கி.), வெற்றுமருந்து ஆகியவற்றை முறைமாற்றி ஒவ்வொரு வாரம் உட்கொண்டனர். உட்கொள்வது எதுவென நோயாளியும் அறியார், மருத்துவரும் அறியார். வெற்றுமருந்தைவிடச் சாரம் வலியைக் குறைத்தது. நடைப்பொறியில் தாங்கும் நேரத்தைக் கூட்டியது. அதன் பயன் நைட்ரேட்டின் பயனுக்கு நிகராக இருந்தது.

பட்டையில் ட்ரைடெர்பினாய்டுகள், பிளேவனாய்டுகள், டானின்கள் உள்ளன. முழுச்சாரமே தரப்பட்டதால், பயன் எவற்றால் விளைந்தது என்பதை இவ்வாய்வு காட்டாது. ஒரு வாரக் கால அளவு மாரடைப்பைத் தடுக்குமா என்பதற்கும் விடை தராது. பெண்களும் இதில் இடம்பெறவில்லை. அளவிட்ட சாரத்திற்குரிய முடிவைக் கடைப்பொடிக்கோ வீட்டுக் கசாயத்திற்கோ ஏற்றியுரைப்பதும் பொருந்தாது.

எனவே மரபறிவு ஆய்வுக்கு வழிகாட்டியது. மருத்துவர் தந்த மருந்தை நிறுத்துவதற்கு அது சான்றாகாது.