ஏறி நின்று ஓட்டும் உர ஸ்பிரெடர்: வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

அமெரிக்காவில் வீட்டுப் புல்வெளிகளைப் பராமரிக்கும் தொழிலில் நம் ஊர்ப் பிள்ளைகள் சிலர் இறங்கியிருக்கிறார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் தள்ளுவண்டியில் உரம் தூவிய பின், ஏறி நின்று ஓட்டும் இயந்திரம் வாங்க வேண்டும் என்று ஊருக்குப் போன் வருகிறது. விலை பத்தாயிரம் டாலரை ஒட்டி இருக்கும்; பெரியவை அதையும் தாண்டும். நகையை விற்றாவது அனுப்பி வைக்கும் தகப்பனாருக்கு, பிள்ளையிடம் என்ன கேட்க வேண்டும் என்பதே தெரிவதில்லை. இந்த விஷயமாக ஒரு குடும்பத்தினர் எங்களிடம் யோசனை கேட்டு வந்தார்கள். விசாரித்துத் தெரிந்துகொண்டவை மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

முதலில் தொழிலைப் புரிந்துகொள்வோம். வாடிக்கையாளர் வீட்டுக்கு ஒரு பருவத்தில் நாலைந்து முறை போய், புல்லுக்கு உரம் தூவி, களைக்கொல்லி தெளித்து வருவதே வேலை. கூலி பரப்பளவைப் பொறுத்தது. அங்கே கணக்கெல்லாம் 1000 சதுர அடிக்கு இவ்வளவு என்றுதான். நம் சென்ட் கணக்கில் அது ஏறக்குறைய 2.3 சென்ட். ஒரு ஏக்கர் என்பது அங்கும் இங்கும் 43,560 சதுர அடியே.

இனி, இயந்திரம் உண்மையில் எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும் என்று பார்ப்போம். தள்ளுவண்டியோடு நடப்பவர் மணிக்கு 3 மைல் வேகத்தில், 6 அடிக்கு ஒரு வரிசையாகப் போனால் ஒரு ஏக்கர் முடிய 27 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். ஏறி ஓட்டும் இயந்திரம் மணிக்கு 5 மைல் வேகத்தில், 8 அடிக்கு ஒரு வரிசை போனால் 12 நிமிடத்துக்குச் சற்று மேல். திரும்பும் நேரமும் உரம் நிரப்பும் நேரமும் இதில் சேரவில்லை. ஆக ஏக்கருக்குக் கால் மணி நேரம் லாபம். ஆனால் வீட்டுப் புல்வெளி 5000 சதுர அடிதான் என்றால் வித்தியாசம் இரண்டு நிமிடம்கூட இல்லை! டிரெய்லரிலிருந்து இயந்திரத்தை இறக்கி ஏற்றவே அதைவிட அதிக நேரம் பிடிக்கும்.

அதனால் பிள்ளையிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. "உன் வாடிக்கையாளர்களின் புல்வெளி ஒவ்வொன்றும் எவ்வளவு பெரியது? எத்தனை வீடு அடுத்தடுத்து இருக்கிறது?" என்பதே. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வீடுகளும், பள்ளி வளாகம், அலுவலக வளாகம் போன்றவையும் கையில் இருந்தால் இயந்திரம் தன் விலையைத் தானே சம்பாதித்துவிடும். நகருக்குள் நெருக்கமாக உள்ள சிறு வீடுகள் மட்டும்தான் என்றால், சில நூறு டாலரில் கிடைக்கும் நல்ல தள்ளுவண்டியே போதும். உடம்பையும் மறந்துவிடக் கூடாது. 6 அடி இடைவெளியில் ஒரு ஏக்கர் தூவ 7260 அடி, அதாவது 2.2 கிலோமீட்டர் நடக்க வேண்டும், அதுவும் சுமையைத் தள்ளிக்கொண்டு. ஒரு நாளைக்கு எட்டு ஏக்கர் செய்பவரின் முழங்கால் எத்தனை வருடம் தாங்கும்? நேரக் கணக்கு கொஞ்சம் இடித்தாலும், இந்த ஒரு காரணத்துக்காகவே இயந்திரம் வாங்குவதை நாங்கள் குறை சொல்ல மாட்டோம்.

விற்பனைத் தாளில் "மணிக்கு இத்தனை ஏக்கர்" என்று போட்டிருப்பதை அப்படியே நம்பிவிட வேண்டாம். இந்த இயந்திரங்களில் தொட்டியின் அடியில் சுழலும் தட்டு ஒன்று உரத்தை விசிறியடிக்கிறது. நம் வயலில் யூரியாவைக் கையால் வீசுவது போலத்தான், பக்கத்தில் அடர்த்தியாகவும் ஓரத்தில் மெலிந்தும் விழும். அதைச் சமன் செய்ய, அடுத்த வரிசையில் வீசும் உரம் முந்தைய வரிசையின் சக்கரத் தடம் வரை எட்டுமாறு ஓட்ட வேண்டும். 16 அடி வீசினால் வரிசைக்கு வரிசை இடைவெளி 8 அடிதான். விளம்பரத்தில் முழு வீச்சகலமும் இருந்தால் அந்தக் கணக்கைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். குருணையின் பருமனைப் பொறுத்தும் வீச்சு மாறும். உரப் பையில் எஸ்ஜிஎன் என்று ஓர் எண் இருக்கும். குருணையின் சராசரி விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து 100-ஆல் பெருக்கியது அது. உரத்தை மாற்றினால் இயந்திரத்தின் அளவுக் குமிழையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. தள்ளுவண்டியில் சுழல்தட்டைச் சுற்றுவது சக்கரமே. நடை குறைந்தால் வீச்சும் குறையும். ஏறி ஓட்டும் இயந்திரங்கள் பலவற்றில் தட்டைச் சுற்றுவது தனி மோட்டார். வண்டி மெதுவானாலும் உரம் அதே அளவில் கொட்டிக்கொண்டே இருக்கும். 25 சதவீதம் நைட்ரஜன் உள்ள உரத்தை 1000 சதுர அடிக்கு 3 பவுண்டு என்று வைத்திருக்கிறோம். நைட்ரஜன் முக்கால் பவுண்டு விழுகிறது. மேட்டில் ஏறும்போது வேகம் பாதியானால் அதே இடத்தில் ஒன்றரை பவுண்டு விழும். சில நாளில் புல் கோடு கோடாகக் கருகி நிற்கும், வாடிக்கையாளரும் போய்விடுவார். ஆகவே ஒரே சீரான வேகத்தைப் பிடித்து வைக்கும் வசதி இருக்கிறதா என்று பார்ப்பது, குதிரைத்திறன் எத்தனை என்று பார்ப்பதைவிட முக்கியம்.

அகலமும் எடையும் அடுத்தவை. அங்கே பின்கட்டுக்குப் போகும் வேலிக் கதவு பெரும்பாலும் 36 அங்குலம். அதற்குள் நுழையாத இயந்திரத்தை வாங்கினால் பின்கட்டு முழுவதும் பழையபடி தள்ளுவண்டிதான். எடையைக் கேட்கும்போது காலி எடையை மட்டும் கேட்கக் கூடாது. அமெரிக்க காலன் தண்ணீர் ஒன்று 8.34 பவுண்டு, 60 காலன் மருந்துத் தொட்டி நிரம்பினால் 500 பவுண்டு கூடும். அதன் மேல் உரம், அதன் மேல் ஆள். ஈர மண்ணில் தடம் பதியும், சரிவில் கவிழவும் கூடும். எத்தனை டிகிரி சரிவு வரை ஓட்டலாம் என்பது கையேட்டில் இருக்கும். டிரெய்லரும் இழுக்கும் வண்டியும் இந்த எடையைத் தாங்குமா என்பதும் செலவுக் கணக்கில் சேர வேண்டியது.

உரம் உப்பு, இரும்பைத் தின்றுவிடும். சட்டமும் தொட்டியின் பொருத்துகளும் எவர்சில்வர் என்று நாம் சொல்லும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருந்தால் விலை கூடும், ஆனால் கொடுக்கலாம். பழைய இயந்திரம் வாங்குவதானால் பெயின்டைப் பார்க்காமல் குனிந்து அடிப்பாகத்தையும், ஒயர் முனைகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. களைக்கொல்லியைக் கூலிக்குத் தெளிக்க உரிமம் வேண்டும். உரத்துக்கும் சில மாநிலங்களில் கட்டுப்பாடு உண்டு. மேரிலாந்தில் செசபீக் விரிகுடாவைக் காக்க 2013 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, ஒரு தடவைக்கு 1000 சதுர அடியில் நைட்ரஜன் 0.9 பவுண்டைத் தாண்டக் கூடாது. தொழிலாகச் செய்பவர் சான்றிதழும் பெற வேண்டும். மேலே சொன்ன மேட்டு நில உதாரணத்தில் ஒன்றரை பவுண்டு விழுந்ததே, அது இங்கே சட்டமீறலும் ஆகும். நியூஜெர்சியில் நீர்நிலைக்கு 25 அடிக்குள் உரம் தூவக் கூடாது; ஒரு பக்க வீச்சைத் தடுக்கும் தகடு பொருத்திய ஸ்பிரெடர் என்றால் 10 அடி வரை போகலாம். ஆகவே அந்தத் தகடு வெறும் அலங்காரம் அல்ல. நடைபாதையில் குருணை சிதறாமல் காப்பதும் அதுதான்.

பணம் கட்டும் முறையில், வட்டியில்லாத் தவணை என்று சொல்லித் தரும் விற்பனையாளர்கள் உண்டு. ஒரு தவணை தவறினால் என்ன ஆகும் என்ற வரியை ஒப்பந்தத்தில் தேடிப் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். பழுது பார்க்கும் கடை எத்தனை மைல் தூரத்தில் இருக்கிறது என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். ஏப்ரலில் இயந்திரம் பத்து நாள் படுத்துவிட்டால் அந்தப் பருவத்தின் முதல் சுற்றே போய்விடும்.

கடைசியாக, விற்பவரை வாடிக்கையாளர் ஒருவர் வீட்டுப் புல்வெளிக்கே வந்து ஓட்டிக் காட்டச் சொல்லலாம். இது அங்கே வழக்கம்தான். உரமும் தன்னுடையதாகவே இருக்கட்டும். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு தட்டையான தட்டுகளைக் குறுக்கே வைத்து, அதன் மேல் ஓட்டி, ஒவ்வொன்றிலும் விழுந்ததை எடை போட வேண்டும். இடது பக்கமும் வலது பக்கமும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சரிசெய்யும் திருகு எங்கே என்று காட்டச் சொல்ல வேண்டும். அதைக் காட்டத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம் என்பதே எங்கள் யோசனை.