டிஸ்க் பிரேக் காரில் ஹேண்ட் பிரேக்கை எவ்வளவு நம்பலாம்?

பின்சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் இருந்தால் அந்தக் காருக்குத் தனி மதிப்பு. ஓடும் வண்டியை நிறுத்துவதில் டிஸ்க் மேலானது என்பதில் சந்தேகமே இல்லை; சூடு சீக்கிரம் வெளியேறுகிறது, நனைந்தாலும் விரைவில் பிடிக்கிறது. ஆனால் நின்ற வண்டியை நகராமல் வைத்திருப்பது வேறு வேலை. அதற்குப் பழைய டிரம்தான் பொருத்தமானது. டிரம் உருள முயலும்போது பிரேக் ஷூவையும் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்ளும்; கையால் கொடுத்த சிறு விசை அங்கே பெருகிவிடும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. பேடை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுதான் பிடி.

அதனால்தான் பல கார்களில் டிஸ்க்கின் நடுக்குழிவுக்குள் ஒரு சின்ன டிரம்மை ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஹேண்ட் பிரேக்குக்கு மட்டுமே அது வேலை செய்யும். ஓடும்போது உரசாததால் அந்த ஷூக்கள் தேய்வதில்லை. அதே காரணத்தால் உள்ளே துருப் பிடித்தாலும் வெளியே தெரிவதில்லை. மற்ற கார்களில் கேபிள் காலிப்பரின் பின்புறமுள்ள நெம்பை இழுக்க, உள்ளிருக்கும் திருகு பிஸ்டனைத் தள்ளி பேடை டிஸ்க்கில் அழுத்துகிறது. இவற்றில் பலவற்றில் பேட் மாற்றும்போது பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். முரட்டுத்தனமாக அழுத்தினால் அந்தத் திருகே கெட்டுவிடும். இந்த வகையின் உண்மையான பலவீனம் சூட்டில் இருக்கிறது. மலைப்பாதையில் இறங்கிவந்த கையோடு வண்டியை நிறுத்தினால் டிஸ்க்கும் பேடும் விரிந்த நிலையில் இருக்கும். ஆற ஆறச் சுருங்கும், அழுத்தம் தளரும். நிறுத்தியபோது அசையாத கார் பிறகு உருளக்கூடும்.

சட்டப்படி சோதித்துத்தானே விற்கிறார்கள் என்று கேட்கலாம். அமெரிக்க விதி 20 சதவீதச் சரிவில், கை நெம்புக்கு 400 நியூட்டனுக்கு மேற்படாத விசை கொடுத்து, வண்டி 5 நிமிடம் நிற்க வேண்டும் என்கிறது. கடுமையான சோதனைதான். ஆனால் ஓட்டத்துக்கும் அதே பேடைப் பயன்படுத்தும் பிரேக், சோதனையின் தொடக்கத்தில் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கக் கூடாது என்பதும் அந்த விதியிலேயே உள்ளது. கொதிக்கும் டிஸ்க் மணிக்கணக்கில் ஆறுவதை அது அளப்பதில்லை. மோட்டாரால் இறுக்கும் மின்னணு பிரேக் இதைத் தீர்த்துவிட்டதே என்றால், பாதி உண்மை. பல கார்களில் சிறிது நேரம் கழித்து மோட்டார் தானே மறுபடி இறுக்கும். உங்கள் காரில் உண்டா என்பதைக் கையேட்டில் பாருங்கள். ஆட்டோமேட்டிக்கில் 'பி' போதும் என்பதும் சரியல்ல. அது கியர்பாக்ஸில் ஒரு சிறு கொக்கியை மாட்டுவதுதான். சரிவில் வண்டியின் பாரம் முழுவதையும் அதன்மேல் ஏற்றக் கூடாது.

ஆகவே சரிவில் நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக்கோடு கியரையும் சேர்த்துப் போடுங்கள்: மேட்டைப் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ். ஆட்டோமேட்டிக் என்றால் முதலில் ஹேண்ட் பிரேக், பிறகுதான் 'பி'. மலையிறங்கி வந்திருந்தால், பிரேக் ஆறியதும் நெம்பை இன்னொரு முறை இழுத்துவிட்டுப் போங்கள்.